கோழிக்கு எத்தனை விரல்?

வணக்கம் மக்களே. வெளிச்சம் கம்மியா இருக்கு, மழை கட்டிக்கிட்டு நிக்குது, பொறுத்துக்கோங்க. யொரூபா படைப்புக் கதையைப் படப்புத்தகமா வரையுறேன்னு சொல்லிட்டிருந்தேன்ல? 24 பக்கம் பென்சில்ல முடிச்சாச்சு. முடிச்சாச்சுன்னு நெனச்சேன். இதோ, கிட்ட காட்டுறேன்... இந்தக் கோழிக் கால்ல எத்தனை விரல்? நாலு. அங்கதான் மாட்டுனேன்.

கதை தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். யொரூபா மக்கள் நைஜீரியாவோட தென்மேற்குலயும், பக்கத்துல பெனின் நாட்டுலயும் இருக்காங்க. அவங்க கதையில மொதல்ல மேல வானம், கீழ வெறும் தண்ணி. வானம் ஒலோருன்ங்கிற சாமிக்கு, தண்ணி ஒலோகுன்ங்கிற சாமிக்கு. ஒபாத்தாலான்னு இன்னொரு சாமி, அவருக்கு மட்டும் சும்மா இருக்க முடியல. தங்கத்துல ஒரு நீளச் சங்கிலி, நத்தை ஓடு நெறைய மணல், வெள்ளைக் கோழி, கறுப்புப் பூனை, ஒரு பனங்கொட்டை, இவ்வளவையும் எடுத்துக்கிட்டு இறங்குறார். சங்கிலி முடியுற எடத்துல தொங்கிக்கிட்டே மணலைக் கொட்டிட்டு, கோழியை விட்டுடுறார். அது கோழியாச்சே, சும்மா இருக்குமா? கிளறுது. மணல் தெறிச்சு விழுந்த எடமெல்லாம் நெலம். மேடு பள்ளமெல்லாம் அது கால் பண்ண வேலை. அந்த எடம்தான் இலே-இஃபே. இன்னைக்கும் ஒசுன் மாநிலத்துல இருக்கிற ஊரு. இஃபேங்கிற பேருக்கே பரவுறது, அகலமாகுறதுன்னுதான் அர்த்தம் சொல்றாங்க.

இதுல அந்தக் கோழிக்கு அஞ்சு விரல். சாதாரணக் கோழிக்கு நாலு. உலகத்தையே கிளறப் போற கோழி, ஒரு விரல் கூடத்தான இருக்கணும்! நான் பாட்டுக்கு எங்க தெருக் கோழியைப் பாத்து வரைஞ்சு வச்சிருக்கேன். ஆறு பக்கம், ஆறு கோழி. எல்லாத்தையும் அழிக்கணும்.

பனங்கொட்டையிலயும் அதே கதைதான். நான் மொதல்ல வரைஞ்சது நம்ம பனை, நுங்கு காய்க்கிற பனை. அங்க இருக்கிறது எண்ணெய்ப்பனை. கொத்துக் கொத்தா செவப்பா பழுக்கும், கொட்டை சின்னது. ஒபாத்தாலா உடுப்பு வெள்ளைதான். பக்கம் பளிச்சுன்னு இருக்கட்டும்னு கலர் கலரா மாட்டிவிட்டா அது அவர் இல்ல. சங்கிலிக்கு மட்டும் ஒரு ஐடியா வச்சிருக்கேன்: அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை நெட்டுக்குத்தலா திருப்பிப் பிடிக்கணும். அப்பதான் ஆழம் தெரியும்.

சரி, கஷ்டமான எடத்துக்கு வரேன். நெலம் ஆனதும் ஒபாத்தாலா களிமண்ணுல மனுசங்களைச் செய்றார். தாகம் எடுக்குது, கள்ளு குடிக்கிறார், போதையிலயே மேல மேல செய்றார். சில உடம்புக்குக் கால் வளையுது, சிலதுக்குக் கண்ணு தெரியல. ஒலோருன் எல்லாத்துக்கும் உயிர் ஊதிடுறார். தெளிஞ்ச பிறகு ஒபாத்தாலா பாத்துட்டு, இனிமே கள்ளைத் தொட மாட்டேன், இவங்களுக்கு நான்தான் காவல்னு சத்தியம் பண்றார். இன்னைக்கும் அவரைக் கும்பிடுறவங்க கள்ளு குடிக்கிறதில்ல.

கள்ளு வருது, பிள்ளைங்க புத்தகம், தூக்கிடுன்னு ஒரு தோழி சொன்னா. எனக்குக் கள்ளுப் பிரச்சினையே இல்ல. கதை கேக்க உக்காந்திருக்கிற பிள்ளைகள்ல ஒண்ணு வாக்கர் வச்சு நடந்தா? "குடிச்சிட்டு தப்பாச் செஞ்சது நீ"ன்னு அது காதுல விழுந்தா? அதான் பயம். ஆனா தூக்கிட்டா அந்தச் சத்தியமும் போயிடும். அந்தப் பிள்ளைங்க அவரோட சொந்தப் பிள்ளைங்கன்னு யொரூபாக்காரங்க நெனைக்கிறதும் போயிடும். அதனால போதைக்கு அரைப் பக்கம்தான். மறுநாள் காலைக்கு மூணு பக்கம். கையில காஞ்ச களிமண்ணோட, அவங்க பக்கத்துல தரையில வந்து உக்காருறார். "தப்பு"ங்கிற சொல் அவர் குடிச்சதுக்கு மட்டும். உடம்புக்கு எங்கயும் போடல. இது போதுமான்னு இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கேன்.

ஒபாத்தாலா வழியிலயே குடிச்சுத் தூங்கிட்டார், மணலும் கோழியும் கொண்டுபோய் நெலத்தைச் செஞ்சது ஒடுடுவாங்கிற வேற சாமின்னும் ஒரு கதை இருக்கு. இஃபே அரச வம்சமே ஒடுடுவா வழின்னு சொல்றாங்க, அதனால அது சின்ன மாத்தம் இல்ல. ரெண்டையும் கலந்து ஒண்ணாக்க மாட்டேன். அது தனிப் புத்தகம்.

ஆங், ஒலோகுன் கோவத்தை விட்டுட்டேன். யாரைக் கேட்டு என் தண்ணியில மண்ணைக் கொட்டுனீங்கன்னு வெள்ளத்தை அனுப்புற எடம். மாடி வீட்டுக் குட்டிக்கு வாசிச்சேன், "நியாயம்தான?"ன்னு கேட்டுச்சு.

மழை வந்துடுச்சு, மாடியில துணி காயுது. ரப்பர் எங்க வச்சேன்...