கையில் பச்சை, கேட்டில் தடை

நேயர்களுக்கு வணக்கம்.

நம் சேலம் மாவட்டத்துச் சங்ககிரியிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ நிற்கும் ஒரு லாரியைச் சுற்றி வந்து பாருங்கள். நெற்றியில் குலசாமி பெயர். கதவில் பிள்ளைகள் பெயர். பின்பக்கம் திருஷ்டிக்கு ஒரு பூதமுகம். அந்தப் பெயர்களை அழித்துவிட்டு வா என்று எந்த ஆலையும் வண்டியைத் திருப்பி அனுப்புவதில்லை. அதே மகளின் பெயர் டிரைவருடைய கழுத்திலோ முன்கையிலோ பச்சை குத்தப்பட்டிருந்தால், சில இடங்களில் ஆலைக் கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வண்டிக்கு ஒரு நியாயம், அதை ஓட்டுகிறவருக்கு ஒரு நியாயம் என்றாகிவிட்ட இந்த விஷயத்தில் டிரைவர்களும் முதலாளிகளும் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் சட்டம். கனரக வாகன உரிமம் வாங்கவோ புதுப்பிக்கவோ பச்சை தடையே இல்லை. மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1ஏ கண்பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, கைகால் இயக்கம் ஆகியவற்றைத்தான் கேட்கிறது. பெட்ரோல், அமிலம், எரிவாயு போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 9 மூன்று நாள் பயிற்சி கேட்கிறது. அங்கும் தோலில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சொல்லப்போனால், அங்க அடையாளம் எழுதும் இடத்தில் பச்சையைக் குறிப்பது நம் ஊரில் வெகுகால வழக்கம்.

அப்படியானால் தடை எங்கிருந்து வருகிறது? வண்டி முதலாளி, சரக்குப் போக்குவரத்து ஒப்பந்ததாரர், சரக்கு கொடுக்கும் நிறுவனம் என்று மூன்று பேரிடமிருந்து வரலாம். சொந்தமாக ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் டிரைவரின் கையைப் பார்ப்பதில்லை. ஓட்டும் கை சுத்தமா என்றுதான் பார்க்கிறார். கடுமை பெரும்பாலும் சரக்கு கொடுக்கும் பெரிய நிறுவனத்தின் கேட்டில்தான். தனியார் நிறுவனம் இப்படி விதி வைக்கக் கூடாது என்றோ, வைக்கலாம் என்றோ பச்சைக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு கேட்டிலும் ஒவ்வொரு பேச்சு.

தோற்றம் பற்றிய விதி எல்லாமே வீம்பு என்று நினைத்துவிடக் கூடாது. பலவற்றுக்கு உயிர் காக்கும் காரணம் இருக்கிறது. கையில் இரும்புக் காப்பு போடாதே என்கிறார்கள். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். டெர்மினலை இறுக்கும்போது ஸ்பேனரும் காப்பும் சேர்ந்து இரு முனைகளையும் தொட்டால், காப்பு நொடியில் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுற்றிலும் சுட்டுவிடும். குளோரின், அமோனியா ஏற்றும் வண்டிக்காரர்களைத் தாடி எடுக்கச் சொல்கிறார்கள். முகக்கவசத்தின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி அடைக்க வேண்டும். தாடி இருந்தால் மயிர்க்காலிடையே வாயு புகுந்துவிடும். லுங்கி கூடாது என்பதற்குக் காரணம், ஏறி இறங்கும்போது படியிலும் கொக்கியிலும் மாட்டும். ரப்பர் செருப்பு கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என்ன ஆகும் என்று நம் பக்கத்து டிரைவருக்கு விளக்க வேண்டியதில்லை. அதே நேரம், இரும்பு முனை வைத்த கனமான பாதுகாப்புக் காலணியோடு ஓட்டினால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாது. ஓட்டுவதற்கு மெல்லிய அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ, கேட்டுக்குள் நடப்பதற்குப் பாதுகாப்புக் காலணி என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வரிசையில் பச்சையை வைத்துப் பாருங்கள். அது எதிலும் மாட்டாது, மின்சாரம் கடத்தாது, முகக்கவசத்தைத் தடுக்காது. ஆறிப்போன பச்சைக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை. எனவே பச்சையைப் பாதுகாப்பு விதிகளின் பட்டியலில் சேர்த்து எழுதுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. கேள்வி இரண்டுதான்: படம் என்ன, அதைப் பார்ப்பவர் யார். ஆபாசப் படம், பிறரை இழிவுபடுத்தும் வாசகம், சாதிச் சண்டையைக் கிளறும் அடையாளம் ஆகியவற்றை மறைக்கச் சொல்வது நியாயம். லோடு இறக்கும் இடத்தில் நாலு ஊர் ஆட்கள் கூடுகிறார்கள். அங்கே கையில் இருக்கும் ஒரு சின்னம் கைகலப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அம்மா பெயரும் வேலும் மயிலும் யாரையும் சீண்டுவதில்லை. பச்சை குத்தியவன் முரடன் என்ற எண்ணத்தில் ஒருவரின் பிழைப்பைத் தடுப்பதை ஏற்க முடியாது. நம் பாட்டிமார் கையிலெல்லாம் கோலமும் தேளும் இருந்தன. மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிந்த கரியை எடுத்துக் குத்தினார்கள். பெயர்தான் பச்சை, உள்ளே இருப்பது கரி. தோலுக்கு அடியில் இருப்பதால் நமக்கு நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது.

கேட்டில் நிறுத்தப்பட்டால் யாருக்கு என்ன நட்டம்? வண்டி அறுநூறு கிலோமீட்டர் ஓடி வந்திருக்கும். டிரைவரை உள்ளே விட மாட்டோம் என்றால் மாற்று டிரைவர் வர வேண்டும். அவருக்குப் பஸ் செலவு, படி. அதுவரை வண்டி ஆல்ட்டிங், அதாவது ஓடாமல் காத்து நிற்கும். ஆல்ட்டிங் வாடகை கேட்டால், உங்கள் ஆள் விதிக்கு உட்படவில்லை என்று சரக்குக்காரர் கைவிரிப்பார். முதலாளி அந்தப் பணத்தை டிரைவர் கணக்கில் பிடிப்பார். இவ்வளவும் நடப்பது, புக்கிங் எடுத்த அன்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்காததால். புக்கிங் ஆபீஸில் எடை, வாடகை, அட்வான்ஸ் பேசும்போதே, “அந்தக் கேட்டில் டிரைவருக்கு என்ன உடை விதி, கையில் கழுத்தில் பச்சை இருந்தால் விடுவார்களா” என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வாய்வார்த்தை செக்யூரிட்டியிடம் செல்லாது.

மறைப்பதற்கு எளிய வழி முழுக்கைச் சட்டை. பருத்தித் துணி, மணிக்கட்டில் பட்டன் போட்டது. பட்டன் போடாத கை தார்ப்பாய்க் கயிறு இழுக்கும்போது கொக்கியில் மாட்டும். தோல் நிறத்தில் இறுக்கமான கையுறை போல விற்கும் உறையைச் சிலர் மாட்டுகிறார்கள். சாகோ (ஜவ்வரிசி) மூட்டைக்கும் இரும்புக்கும் போகும்போது அதில் தவறில்லை. பெட்ரோல், டீசல், கரைப்பான் ஏற்றும் டெப்போவுக்குள் அதைப் போடவே கூடாது. அது நைலானும் பாலியெஸ்டரும் கலந்தது. தோலில் உரசினாலும் கழற்றினாலும் நிலைமின்சாரம் சேரும், ஆவி இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பச்சையை மறைக்கப் போய் உயிரை விடக் கூடாது.

முழுக்கை என்று விதி எழுதும் நிறுவனங்கள் சித்திரை வெயிலில் ஒருநாள் கேபினில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீழே இன்ஜின் சூடு, மேலே தகரம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். ஆனால் இன்று சாலையில் ஓடுவதில் பெரும்பகுதி அதற்கு முந்தைய வண்டிகள். கேட்டிலிருந்து வெளியேறும் வரை முழுக்கை, சாலைக்கு வந்தபின் மடித்துக்கொள்ளலாம் என்று எழுதினால் விதியும் நிலைக்கும், மனிதனும் மயங்கி விழ மாட்டான்.

இனி, பச்சை குத்த நினைக்கும் இளம் டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும். இடம்தான் முக்கியம். நம் வண்டியில் ஓட்டுநர் வலப்புறம் உட்காருகிறார். வலக்கைதான் ஜன்னல் வெயிலில் காய்கிறது. அங்கே குத்தினால் சீக்கிரம் மங்கும், புதுப் பச்சை என்றால் கொப்புளிக்கும். சீட் பெல்ட் வலத் தோளில் இறங்குவதால் அங்கும் வேண்டாம். உரசி உரசிப் பக்கு பெயர்ந்து மை திட்டுத்திட்டாகப் போய்விடும். கழுத்து, முகம், புறங்கை ஆகியவற்றை எந்தச் சட்டையும் மறைக்காது. இடது முன்கையின் உட்புறம்தான் நல்ல இடம். வெயில் படாது, முழுக்கை மறைக்கும். இன்னொரு பயனும் உண்டு. லாரி வேலையில் இருந்துகொண்டே சிஆர்பிஎஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் டிரைவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். அந்தப் படைகளின் மருத்துவ விதி, சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும் பச்சையை அனுமதிக்கிறது. அளவு அந்த உறுப்பின் கால்பங்குக்குள் இருக்க வேண்டும். சாமி உருவமும் பெயரும் தடையில்லை. வலக்கையில் பெரிதாகக் குத்திக்கொண்டவர் உடற்தகுதியில் ஓடி ஜெயித்தும் மருத்துவத்தில் திரும்பி வரலாம்.

நாள் பார்த்துக் குத்துங்கள். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாளை நாக்பூர் லோடு என்று வைத்துக்கொண்டு இன்று குத்தினால், டீசலும் கிரீஸும் புண்ணில் படும், சீழ் பிடிக்கும். திருவிழாக் கடை வேண்டாம். ஊசிப் பொட்டலம் உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். மை சின்னக் குப்பியில் உங்களுக்கென்று ஊற்றப்பட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஊசி புதிது, மை பிறருக்கு ஊற்றிய மிச்சம் என்றாலும் மஞ்சள் காமாலைக் கிருமி வரலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை முன்பே போட்டுக்கொள்வது நல்லது. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அழிக்க நினைப்பவர்கள் சுண்ணாம்பு, அமிலம், பழுக்கக் காய்ச்சிய கம்பி எதையும் தொடாதீர்கள். மை தோலின் இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. அதுவரை சுட்டால் தடித்த தழும்புதான் மிஞ்சும், எழுத்தின் வடிவமும் அதிலேயே தெரியும். தோல் மருத்துவரிடம் லேசர் உண்டு. கறுப்பு மை நன்றாகக் கரையும். பச்சை, மஞ்சள் நிறங்கள் எளிதில் போகாது. ஆறு முதல் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரம். அதாவது ஏழு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும். நம்மைப் போன்ற கருத்த தோலில் வேகமாகச் செய்தால் வெள்ளைத் திட்டு விழும், ஆகவே அவசரப்படுத்தாதீர்கள்.

கடைசியாக முதலாளிகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும். உங்களுக்கு விதி வேண்டுமென்றால் நாலு வரியில் தமிழில் எழுதி, வேலைக்குச் சேரும் நாளில் டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இப்படி எழுதலாம்: “கேட்டுக்குள் பருத்தி முழுக்கைச் சட்டை, பேன்ட், பாதுகாப்புக் காலணி. ஆண்டுக்கு இரண்டு ஜோடி சட்டையும் காலணியும் நிறுவனம் தரும். ஆபாசம், இழிவு, சாதி அடையாளம் உள்ள பச்சை மறைந்திருக்க வேண்டும். மற்ற பச்சைக்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்துவதில்லை. கேட்டில் தடுத்தால் ஆல்ட்டிங் செலவு நிறுவனத்தைச் சேரும்.” அதன் ஒரு பிரதியை வண்டிப் புத்தகங்களோடு, ஆர்.சி., இன்சூரன்ஸ் வைக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள்.

வணக்கம்.