ஓ பாசிட்டிவும் தாய்மாமன் மகளும்

வணக்கம் நேயர்களே. 31 வருடம் பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் வீடு தேடிக் கேள்விகள் வருகின்றன. போன மாசியில் பழைய மாணவன் ஒருவன் தன் அம்மாவோடு வந்தான். சட்டைப் பையில் நாலாக மடித்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு இரண்டு.

"சார், தாய்மாமன் பொண்ணைப் பேசியிருக்கோம். எனக்கு ஓ பாசிட்டிவ், அவளுக்கு பி பாசிட்டிவ். குரூப் வேற வேற. சொந்தத்தில் கட்டினாலும் பிள்ளைக்குக் குறை வராதுல்ல?"

இந்தக் கேள்வியை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நம் பேச்சே அப்படித்தானே? ரத்த சொந்தம், ரத்த பாசம், எங்க ரத்தம்! பரம்பரை ரத்தத்தில்தான் ஓடுகிறது என்று மனத்தில் பதிந்துவிட்டது.

நமக்கு மட்டுமில்லை. சார்ல்ஸ் டார்வின் 1839-ல் கட்டியது யாரைத் தெரியுமா? தாய்மாமன் மகள் எம்மாவை. பத்துப் பிள்ளைகள், மூன்று சிறு வயதிலேயே போய்விட்டன. உறவில் கட்டியதுதான் காரணமோ என்ற கவலை அவரை அரித்தது. உடலின் எல்லாப் பாகங்களும் பொடித் துகள்களை வெளியிடுகின்றன, அவை சேர்ந்து பிள்ளைக்குப் போகின்றன என்று 1868-ல் எழுதினார். அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்டன், "அப்படியானால் ரத்தத்தில் இருக்க வேண்டுமே" என்று கிளம்பிவிட்டார். வெள்ளிச் சாம்பல் நிற முயல்களுக்கு வேறு இன முயல்களின் ரத்தத்தை ஏற்றி, குட்டி போடும்வரை காத்திருந்தார். குட்டிகள் அதே வெள்ளிச் சாம்பல் இனமாகவே பிறந்தன! ஏற்றிய ரத்தம் பரம்பரையை மாற்றவில்லை. 1871-ல் இதை அவர் வெளியிட்டதும், "நான் ரத்தம் என்று சொல்லவே இல்லையே" என்று டார்வின் மறுப்பு எழுதினார். பாவம் முயல்கள்.

சரி, மாணவனுக்கு வருவோம். "உனக்கும் உன் தங்கைக்கும் ஒரே குரூப்பா?" என்று கேட்டேன். "இல்லை சார், அவளுக்கு ஏ." "அதனால் அவள் உனக்கு அந்நியமா?" பையன் வாய் திறக்கவில்லை. ஏ, பி, ஓ என்று வகை பிரிப்பது ஒரே ஒரு மரபணு. நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன. அந்த ஒன்று வேறாக இருப்பதால் மற்றவை பற்றி ஒன்றும் தெரியாது.

கவனிக்க வேண்டியது தாத்தா பாட்டியை. பையனுக்கு அம்மா வழியிலும் பெண்ணுக்கு அப்பா வழியிலும் அவர்கள் ஒன்றுதான். தாத்தாவிடம் பழுதான மரபணு ஒன்று சத்தமில்லாமல் இருந்து, மகன் வழியிலும் மகள் வழியிலும் இறங்கியிருக்கலாம். ஒற்றையாக இருக்கும்வரை தொந்தரவில்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். "எங்க வம்சத்திலேயே யாருக்கும் இல்லை" என்பது இதனால்தான் உதவாது. பிறவிக் குறை பொதுவாக நூறு குழந்தைகளில் 2, 3 பேருக்கு வரும். மாமன் மகள், அத்தை மகன் உறவில் 4 முதல் 6 வரை போகலாம். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகத்தான் பிறக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தாய்மாமனையே கட்டினால் ஆபத்து இன்னும் கூடும்.

அப்புறம் இன்னொன்று. நாலில் ஒன்று வாய்ப்பு என்று டாக்டர் சொன்னால், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்றுதான். தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் நினைவிருக்குமா?

"அப்போ குரூப்பே பார்க்க வேண்டாமா சார்?" என்றார் அந்த அம்மா. பெண்ணுக்கு நெகட்டிவ், பையனுக்குப் பாசிட்டிவ் என்றால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஊசி இருக்கிறது. உறவில் கட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரபணு ஆலோசனைக்கு ஒருமுறை போய் வரச் சொல்லி அனுப்பினேன்.

நேரமாகிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பெண் பிள்ளையாகப் பெறுகிறாள் என்று மருமகளைத் திட்டுவதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன். பிள்ளை ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை எக்ஸ், ஒய் என்ற குரோமோசோம்கள். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான். அதோடு சேர்வது எக்ஸா (பெண்) ஒய்யா (ஆண்) என்பது அப்பாவின் விந்தணுவில். மாவுப்புழுவை வைத்து நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி 1905-லேயே இதைக் காட்டிவிட்டார். குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்குமா? நிறம் மாறுவது பாலுக்குத்தான். வணக்கம்.