ஷிபுவுக்கு ஒரு படையல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சென்ற பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் பேரன், வளவு என்று நாங்கள் சொல்லும் உள்முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பாயை விரித்து என்னை உட்கார வைத்து, ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படத்தைத் தமிழ்க் குரலில் போட்டுக் காட்டினான். பேசில் ஜோசப் இயக்கி, 2021ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் நெட்பிளிக்ஸில் வெளிவந்த படம் அது. சூப்பர் ஹீரோ கதை என்று அவன் சொன்னதும், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே யாரோ பறந்துகொண்டிருப்பார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். படம் முடிந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். கதாநாயகனுக்காக அல்ல, அவன் கையால் மாண்டுபோன ஷிபுவுக்காக.

கதை நடப்பது 1990களில், குறுக்கன்மூலா என்ற கற்பனைக் கிராமத்தில். அமெரிக்கா போய்விட வேண்டும் என்ற கனவோடு இருக்கும் ஜெய்சன் அங்கே தையற்காரன். ஷிபு தேநீர்க்கடையில் வேலை செய்பவன். ஒரே இரவில் இருவர்மீதும் மின்னல் பாய, இருவருக்கும் ஒரே விதமான ஆற்றல் வந்துவிடுகிறது. ஒருவன் ஊரைக் காக்கிறான், மற்றவன் ஊரை அழிக்கத் துணிகிறான். எனக்கு இந்த ஆற்றல் எதுவும் வியப்பாகத் தோன்றவில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது, இரும்புக்கை மாயாவியை என் அண்ணனுக்குத் தெரியாமல் எடுத்துப் படித்தவள் நான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, எஃகுக் கை மட்டும் வெளியில் தெரியும் அந்த மாயாவியும் தன் முதல் கதையில் கெட்ட வழியில் போனவன்தான். பிறகு அவனுக்குத் திருந்தி வர ஒரு வழி கிடைத்தது. ஷிபுவுக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் என்னை வருத்தியது.

மின்னல் விழுவதற்கு முன்பே ஜெய்சனுக்கு ஒரு வீடு இருந்தது. அதட்டவும் அன்பு காட்டவும் ஆட்கள் இருந்தார்கள். தன் மாமனுக்கு இப்படி ஓர் ஆற்றல் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், அதை எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவன் அவனுடைய தமக்கை மகனான சிறுவன். ஷிபுவுக்கு அப்படிச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஊர் அவனைப் பைத்தியம் என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தது. உஷா என்ற பெண்ணின்மீது அவன் வைத்த அன்பு ஒன்றுதான் அவனுடைய வாழ்நாள் முழுமைக்குமான சொத்து. அவளுடைய பெண் குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதற்காக அவன் வங்கியைக் கொள்ளையடிக்கிறான். அது குற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு அவன் செய்யும் கொலைகளையும் நான் நியாயப்படுத்த வரவில்லை.

ஆனால் ஓர் இடத்தை மறக்க முடியவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு, உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் இடம். ஷிபுவாக நடித்திருப்பவர் நம் தமிழ்நாட்டுக் கலைஞர் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர், ‘ஜோக்கர்’ படத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் அவருடைய முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உதடு சிரிக்கப் போகிறது, கன்னம் அதற்கு ஒத்துவர மறுக்கிறது. மகிழ்ச்சி என்பது அந்த முகத்துக்குப் பழக்கமே இல்லாத ஒன்று என்பதை அவர் அப்படிக் காட்டிவிடுகிறார். பேரனிடம் சொல்லி அந்த இடத்தை மட்டும் மறுபடியும் போடச் செய்து பார்த்தேன்.

இரண்டாம் முறை பார்க்கும்போது, நான் வேலை பார்த்த பள்ளிக்கு எதிரில் இருந்த தேநீர்க்கடை நினைவுக்கு வந்தது. அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஒருவரை, சிறுவர் பெரியவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒரு கேலிப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இடைவேளையில் ஆசிரியர்களுக்குத் தேநீர் கொண்டுவருபவர் அவர்தான். ஒருநாள் ஏதோ ஓர் அரசு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரச் சொல்லி என்னிடம் வந்தார். பெயர் என்ன என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நின்று, பிறகு மெதுவாகச் சொன்னார். பதினோரு ஆண்டுகள் அவர் கையால் தேநீர் வாங்கிக் குடித்த நான், அன்றுதான் அவர் பெயரைக் கேட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயர் தெரியாவிட்டால் வருந்துகிற எனக்கு, அவர் விஷயத்தில் அது தோன்றவே இல்லை. அந்த வருத்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

படத்தின் இறுதியில் ஊர் திரண்டு வர, எழுந்த தீயில் உஷா இறந்துபோகிறாள். அதன் பிறகு ஷிபுவின் சினத்தைத் தடுக்க எதுவும் இல்லை. ஜெய்சன் அவனைக் கொன்று ஊரைக் காப்பாற்றுகிறான். அதைத் தவிர அவனால் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் ஷிபு விழுந்ததும் படம் காத்தவன் பக்கம் திரும்பிவிடுகிறது. எனக்குக் குறையாகப் பட்டது அதுதான்.

நம் பக்கத்தில் இப்படி ஒருவன் செத்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்காது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்த மதுரை வீரன் இன்று நமக்குக் காவல் தெய்வம்; பக்கத்தில் பொம்மியும் வெள்ளையம்மாளும் நிற்கிறார்கள். சிவகங்கைச் சீமையில், மண்குதிரைகளைச் சுமந்துபோய் வைக்கும் புரவியெடுப்பு நடக்கிற ஐயனார் கோயில்களுக்குப் போய்ப் பாருங்கள். ஐயனாரைச் சுற்றி நிற்கும் பரிவாரங்களில், இன்ன காலத்தில் வாழ்ந்தவர், இன்ன விதமாக அநியாயமாக இறந்தவர் என்று பூசாரி கதை சொல்லக்கூடிய தெய்வங்கள் உண்டு. ஊர் தான் செய்த பிழையை ஒரு கல்லாக நட்டு, அதன் முன்னால் ஆண்டுதோறும் பொங்கல் வைத்து நிற்கிறது. சினத்தோடு போனவனைச் சினத்தோடு விட்டுவிடக் கூடாது என்பது நம் முன்னோர் கண்ட வழி.

எங்கள் நகரத்தார் வீடுகளிலும் படைப்பு என்று ஒன்று உண்டு. வாழ்ந்து மறைந்தவர்களை நினைத்து, பேழையைத் திறந்து, புதுச் சேலை வைத்து, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்து இலையில் இடுவோம். என் சின்ன வயதில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சேலையை மடித்து வைக்கும்போது, மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் ஏந்தி, உயிரோடு இருப்பவரிடம் கொடுப்பது போலவே வைப்பார்.

படம் பார்த்த மறுநாள் காலையில் பேரன் என்னிடம் கேட்டான், “அப்பத்தா, நம்ம ஊரா இருந்தா ஷிபுவுக்கு என்ன வச்சுப் படைப்பீங்க?”

நான் கொஞ்சம் யோசித்தேன். அவன் வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்கே ஆற்றிக் கொடுத்ததால், அவனுக்கென்று ஒரு கிளாஸ் டீ வேறொருவர் ஆற்றி வைக்க வேண்டும் என்றேன். பக்கத்திலேயே உஷாவுக்கு ஒரு சேலை.

“அந்தக் குழந்தைக்கு?” என்றான் அவன்.

ஒரு பாவாடை சட்டை, என்றேன். ஜெய்சனையே தைத்துத் தரச் சொல்லலாம், அப்பச்சி.

வணக்கம்.