சுவர் இருந்தால்தான் சித்திரம்: பிராட் பேர்டை முன்வைத்து ஒரு பேச்சு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நிர்வாகிகளே, பெற்றோர்களே, சமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பொறுப்பில் இருந்த காலம் முழுக்க, முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாதத்தில்கூட டிராயிங் பீரியடை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அந்தப் பள்ளிச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்தச் சுவராக நின்றவர் அவர். ஐயாவுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க இயக்குநர் பிராட் பேர்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கார்ட்டூன் வரைபவராகத் தொடங்கி, குடும்பத்தோடு பார்க்கும் படங்களை எடுத்தவர். மூன்று செய்திகள் சொல்ல நினைத்திருக்கிறேன். அவர் எப்படிக் கற்றார், தோற்றபோது என்ன செய்தார், உயிருள்ள நடிகர்களை வைத்துப் படம் எடுக்கப் போனபோது அனிமேஷன் அனுபவம் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது.

முதலில் அந்தப் பையனைப் பார்ப்போம். 1957-ல் மொன்டானா மாநிலத்தில் பிறந்தவன். வளர்ந்தது ஆரிகன் மாநிலத்தில் கோர்வாலிஸ் என்ற சிறிய ஊர். பக்கத்து நகரத்தில் பழைய டிஸ்னி படம் ஒன்று மறுபடி திரைக்கு வந்தது. அந்த அம்மா மழையில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி மகனைக் கூட்டிப்போய்க் காட்டினார். எதற்கு? பையன் படம் வரைகிறான், அவன் இதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு அந்த அம்மாவை நன்றாகப் புரியும்.

பையனுக்குப் பதினோரு வயதானபோது, குடும்பத்துக்குத் தெரிந்தவர் மூலம் டிஸ்னி ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. பார்த்துவிட்டு, ஒருநாள் நானும் இங்கே வேலை செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்தான். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிச் சொல்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். இவன் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பதினைந்து நிமிட அனிமேஷன் படம் ஒன்றை ஆரம்பித்தான். ஆமையும் முயலும் ஓடுகிற அந்தப் பழைய கதைதான்.

குழந்தைகளே, கணக்கில் கெட்டிக்காரர்கள் யாரென்று பார்ப்போம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துச் சமாளித்தாலும் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு 900 நொடி. 900-ஐ 12-ஆல் பெருக்குங்கள். ஆம், 10,800. ஆமை சும்மா நிற்கிற இடங்களையெல்லாம் கழித்துக்கொண்டாலும் ஆயிரக்கணக்கில் வரும். முயல் ஒரு காலைத் தூக்குகிறது என்றால், தரையில் இருக்கும் கால் ஒரு தாள், லேசாக எழும்பிய கால் இன்னொரு தாள், முழங்கால் மடங்கியது இன்னொரு தாள். அதற்குள் காது பின்னால் சாய வேண்டும். காது சாய மறந்தால் முயல் மரப்பொம்மை ஆகிவிடும். இதையெல்லாம் பள்ளிக்கூடம் போய் வந்த நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு சிறுவன் செய்தான். படம் முடிந்தபோது அவனுக்குக் கிட்டத்தட்டப் பதினான்கு வயது.

அந்தப் படம் டிஸ்னியின் பார்வைக்குப் போனது. இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். வால்ட் டிஸ்னியிடம் அடித்தளமாக இருந்த ஒன்பது மூத்த அனிமேட்டர்களை ‘ஒன்பது முதியவர்கள்’ என்று பட்டப்பெயர் வைத்து அழைப்பார்கள். அவர்களில் ஒருவர் மில்ட் கால். அத்தனை பேரும் அஞ்சி மதித்த கை அவருடையது. அந்த மனிதர் இந்தப் பதினான்கு வயதுப் பையனுக்கு வழிகாட்ட முன்வந்தார். நினைத்துப் பாருங்கள். தொழிலின் உச்சியில் இருப்பவர், எங்கிருந்தோ வந்த ஒரு சிறுவனின் தாள்களைப் புரட்டிப் பார்க்க நேரம் ஒதுக்குகிறார். சுவர் இருந்தால்தான் சித்திரம். அம்மா ஒரு சுவர், இந்தப் பெரியவர் ஒரு சுவர்.

அடுத்த சுவர் ஒரு வகுப்பறை. டிஸ்னி கொடுத்த உதவித்தொகையில் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் பேர்ட் சேர்ந்தார். கதாபாத்திர அனிமேஷனுக்கென்று அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த பிரிவு அது. அதே காலத்தில் அங்கே படித்த ஜான் மஸ்கர், டிம் பர்டன் இருவரும் பிறகு பெரிய இயக்குநர்கள் ஆனார்கள். அவர்கள் உட்கார்ந்து படித்த அறையின் எண் ஏ113. பேர்ட் அந்த எண்ணை 1987-ல் தான் எடுத்த தொலைக்காட்சிக் கார்ட்டூனில் ஒரு காரின் நம்பர் பிளேட்டாக வைத்தார். அப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ‘டாய் ஸ்டோரி’யில் ஆண்டியின் அம்மா ஓட்டும் காரைப் பாருங்கள், ஏ113. ‘ரட்டட்டூயி’யில் ஒரு எலியின் காதில் மாட்டிய அட்டையைப் பாருங்கள், ஏ113. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படங்களில், தங்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்த அறையை ஒரு மூலையில் வைத்து வணங்குகிறார்கள். கல்வி அலுவலர் அவர்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது செய்தி, தோல்வி. ஆசைப்பட்டபடியே டிஸ்னியில் வேலை கிடைத்தது. தரம் குறைகிறது என்று வாய்விட்டுச் சொன்னதால் வேலை போயிற்று. தொலைக்காட்சிக்குப் போனார், ‘சிம்ப்சன்ஸ்’ தொடரில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். 1999-ல் ‘தி அயர்ன் ஜயன்ட்’ என்ற முதல் முழுநீளப் படத்தை இயக்கினார். அவருடைய சகோதரி துப்பாக்கிக்குப் பலியானவர். ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, துப்பாக்கியாக இருக்க அதற்கே பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து அவர் அந்தப் படத்தை வளர்த்தார். வானத்திலிருந்து விழுந்த ஒரு மாபெரும் இரும்பு மனிதன், அதை நேசிக்கிற ஒரு சிறுவன். தியேட்டரில் படம் ஓடவில்லை. இன்று அதைப் பார்த்து அழாத ஆள் கிடையாது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள், கூடவே உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

ஓடாத படத்தை எடுத்தவரை பிக்சார் அனிமேஷன் நிறுவனம் கூப்பிட்டது. 2004-ல் ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ வந்தது. அதில் ஒரு குடும்பம். அப்பாவுக்கு எதையும் தாங்கும் பலம். அம்மாவின் கை நான்கு பக்கமும் நீளும். பருவ வயது மகள் யார் கண்ணிலும் படாமல் மறைவாள். சின்னப் பையன் ஓர் இடத்தில் நிற்காமல் ஓடுவான். இந்த மண்டபத்தில் இருக்கும் எந்த வீடாவது இப்படி இல்லாமல் இருக்கிறதா? வீட்டை உற்றுப் பார்த்தவன்தான் இப்படி எழுத முடியும். அந்தப் படத்துக்கு ஆஸ்கர். சமைக்க ஆசைப்படும் எலியின் கதையாக 2007-ல் வந்த ‘ரட்டட்டூயி’க்கும் ஆஸ்கர். 2018-ல் வந்த ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ உலகம் முழுக்க நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அனிமேஷன் ஒரு வகைப் படம் அல்ல, எந்த வகைக் கதையையும் சொல்லக்கூடிய ஊடகம் என்று அவர் சலிக்காமல் சொல்லி வருகிறார். கார்ட்டூன்தானே என்று ஒதுக்குபவர்களைப் பார்த்து எனக்கும் அதே வருத்தம்தான்.

மூன்றாவது செய்திக்கு நேரம் போதாது போலிருக்கிறது. 2011-ல் ‘மிஷன் இம்பாசிபிள்’ வரிசையின் நான்காவது படத்தை அவர் இயக்கினார். டாம் குரூஸ் புர்ஜ் கலீஃபாவின் வெளிச்சுவரில் ஏறும் காட்சியை நினைவு வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு மேடையில் விரிவாகப் பேசுகிறேன். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

நம் ஊர்ப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்ன ஆகிறது? அட்டவணையில் இருக்கும். அந்த மணி அடித்ததும் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ உள்ளே வருவார். போர்ஷன் முடியவில்லை என்பார். பிள்ளைகள் கலர் பென்சில் பெட்டியைப் பைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு மேலே இருக்கும் அழுத்தம் அப்படி. அரசுப் பள்ளிகளில் 2012-ல் பகுதி நேரமாக நியமிக்கப்பட்ட ஓவிய ஆசிரியர்களை வாரத்தில் மூன்று அரைநாள் வேலைக்குத்தான் எடுத்தார்கள். பகுதி நேர வேலையில் எந்தப் பிள்ளையின் தாளைப் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்பார்கள்? ஓர் ஆசிரியர் கொஞ்ச நேரம் ஒரு பள்ளியிலும், மிச்ச நேரம் வேறு பிழைப்பிலும் ஓடினால் மில்ட் கால் எங்கிருந்து வருவார்? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிவிட்டு, சுவரை நாமே இடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை இரண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் இரண்டு ஓவியப் பாடவேளை, அதை எந்தப் பாடத்துக்கும் மாற்றக்கூடாது என்று எழுத்துபூர்வ உத்தரவு. அடுத்தது, பகுதி நேர ஓவிய ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரம். மாமன்ற உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுத் தந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மிக்க நன்றி. மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது, பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கல்வி அலுவலர் அவர்களிடம் நேரில் கொடுக்கப் போகிறோம். அதனால் பெற்றோர்கள் பெயர், பிள்ளை படிக்கும் பள்ளி, வகுப்பு மூன்றையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.