பிரேக் ஆயில் குறைந்தால் உடனே ஊற்றாதீர்கள்

[திரையில்: திறந்த பானெட். டிரைவர் பக்கம், பின்சுவரை ஒட்டிச் சின்ன பிளாஸ்டிக் டப்பா.]

வணக்கம். இந்த டப்பாவின் பக்கவாட்டில் மேக்ஸ், மின் என்று இரண்டு கோடுகள் தெரிகின்றனவா? உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் மேல் கோட்டிலிருந்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும். அதைப் பார்த்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கும், ஒரு பாட்டில் வாங்கி நிரப்பிவிடலாமே என்று. கொஞ்சம் பொறுங்கள்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துவது பிரேக் பேட். அது தேயத் தேய, பேடை அழுத்தும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே நகர்ந்து நிற்கிறது. பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் கீழே போகிறது. மட்டத்தைப் பார்த்தே பேட் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். மேலே ஊற்றிவிட்டால் அந்தத் துப்பு போய்விடும். அதோடு, புதுப் பேட் மாட்டும்போது மெக்கானிக் பிஸ்டனை உள்ளே தள்ளுவார். நீங்கள் ஊற்றியதெல்லாம் மேலே பொங்கி வழியும். வழிந்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்து வரும். மட்டம் சில நாட்களிலேயே மளமளவென்று இறங்கினால் அது கசிவு. அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

ஆக, நிரப்புவதால் பெரிய பயன் இல்லை. பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக மாற்றுவதுதான் நமக்கு வேண்டியது.

[திரையில்: பெடலிலிருந்து சக்கரம் வரை பிரேக் லைன், வரைபடமாக.]

திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் பெடலில் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரம் வரை போய்ச் சேருகிறது. ஆனால் பிரேக் பிடிப்பதென்றால் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுவது. டிஸ்க்கில் எழும் அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் ஏறுகிறது. நீளமான இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் இந்தச் சூடு தணிய நேரமே கிடைக்காது.

இங்கேதான் தண்ணீர் வில்லனாக வருகிறது. சாதாரண பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பாவின் காற்றுத்துளை வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே வரும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். காலிபருக்குள் ஆயில் கொதித்துவிட்டால் ஆவிக் குமிழிகள் உருவாகும், ஆவியையோ அமுக்கலாம். பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. இதில் மோசமான விஷயம், கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் மிதித்துப் பார்ப்பவருக்குப் பெடல் கெட்டியாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும்.

[திரையில்: டப்பாவின் மூடி, மிக நெருக்கத்தில்.]

சரி, எந்த ஆயில்? பதில் மூடி மேலேயே இருக்கிறது. டாட் 3 அல்லது டாட் 4 என்று ஆயிலின் தர வகையை அச்சிட்டிருப்பார்கள். புது ஆயிலாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 230 டிகிரி, டாட் 5.1 260 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. நான் பார்க்கச் சொல்வது இரண்டாவது எண்ணை. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே மூன்றும் முறையே 140, 155, 180 டிகிரிக்கு இறங்கிவிடலாம். உங்கள் காரில் ஓடிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது எண்ணை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் ஆயில்தான்.

டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றலாமா? பெரும்பாலும் ஊற்றலாம், மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. டாட் 4 கேட்கும் காரில் டாட் 3 மட்டும் வேண்டாம். டாட் 5.1 போட்டால் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்குமா என்று கேட்பார்கள். பிடிக்காது. பிடிப்பு பேட்டிலும் டயரிலும் இருக்கிறது. தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு ரேஸ் ஆயில் வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் சாதாரண டாட் 4ஐ நேரத்துக்கு மாற்றிவிடலாம். புதிய கார்கள் சிலவற்றில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி ஆகியவற்றின் வால்வுகள் வேகமாகத் திறந்து மூடுவதற்காக, கெட்டித்தன்மை குறைந்து எளிதில் பாயும் வகை டாட் 4ஐக் கேட்பார்கள். மேனுவலில் அப்படி இருந்தால் அதையே வாங்குங்கள்.

பெயரில் ஏமாற வேண்டாம், டாட் 5 முற்றிலும் வேறு சாதி. அது சிலிக்கோன், பெரும்பாலும் ஊதா நிறம். மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் பக்கமே போகாதீர்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், கடைசியில் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் காலிபர் வரை மாற்ற வேண்டிவரும்.

எப்போது மாற்றுவது? பல நிறுவனங்கள் 2 ஆண்டு என்கின்றன, சில 3. மேனுவல் சொல்வதே கணக்கு. வண்டி ஓடாமல் நின்றாலும் ஈரம் ஏறும், அதனால் கிலோமீட்டரை விடத் தேதி முக்கியம். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. பேனா வடிவ டெஸ்டர் கிடைக்கிறது. ஆனால் அது டப்பாவில் உள்ள ஆயிலைத்தான் சோதிக்கிறது, சூடு ஏறுவதோ கீழே காலிபரில்.

[திரையில்: சக்கரம் கழற்றிய கார், ஸ்டாண்டில். பிளீடர் ஸ்க்ரூவில் மாட்டிய தெளிவான டியூப்.]

மாற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கார் ஜாக்கில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். சில கார்களில் வரிசை வேறு, மேனுவலைப் பாருங்கள்.

கீழே சக்கரத்தருகே இருப்பவர் “மிதி” என்கிறார். மேலே சீட்டில் இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்கிறார். கீழே, ஆயிலை வெளியேற்றும் திருகான பிளீடரைக் கால் சுற்றுத் திறந்ததும் டியூபில் கறுத்த ஆயில் பாய்கிறது, பெடல் இறங்குகிறது. ஸ்க்ரூவை மூடிய பிறகே “விடு” என்ற குரல் வர வேண்டும். முந்திக்கொண்டு காலை எடுத்தால் காற்று உள்ளே ஏறிவிடும். டியூபில் புது ஆயிலின் வெளிர் நிறம் வரும்வரை, குமிழி வருவது நிற்கும்வரை, இதையே தொடருங்கள். அப்புறம் அடுத்த சக்கரம். நடுநடுவே டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் காற்று மொத்த லைனிலும் புகுந்துவிடும், ஏபிஎஸ் யூனிட் வரை போய்விட்டால் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கஷ்டம். பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். இல்லாவிட்டால் பெடல் முழுவதும் இறங்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீல் இதுவரை போகாத, துரு படிந்த பகுதிக்குள் தள்ளப்பட்டுக் கிழிந்துவிடலாம். சிறிய கார்களுக்கு ஒரு லிட்டர் பெரும்பாலும் தாராளம். கிளச்சும் இதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும் வண்டியாக இருந்தால் அதையும் பிளீட் செய்யுங்கள்.

பெயின்ட்டில் சிந்தியதா? தேய்க்காதீர்கள், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீதமான பாட்டிலை அடுத்த முறைக்கு எடுத்து வைக்க வேண்டாம், திறந்த பாட்டிலும் ஈரம் குடிக்கும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைப் போட்டதும் பெடல் இலேசாக இறங்குவது இயல்பு. பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி பிளீட் செய்ய வேண்டும். எல்லாம் சரியென்றால் ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சில முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, நான்கு பிளீடரும் ஈரமில்லாமல் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.