செவ்வாயில் ஊர் அமைக்க முடியுமா? பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

வணக்கம். பாலக்கோட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், செவ்வாயில் மனிதர்கள் ஊர் அமைத்துக் குடியிருக்க முடியுமா? பூமி கெட்டுப்போனால் அங்கே போய்விடலாம் என்று எங்கள் மாமா சொல்கிறார். அவர் ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் வேலை செய்கிறார்."

நல்ல கேள்வி தம்பி. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய் இறங்கலாம். நாலைந்து பேர் சில மாதம் தங்கலாம், அதை நீ உன் கண்ணால் பார்ப்பாய் என்றே நம்புகிறேன். ஆனால் ஊர் என்கிறாயே, பிள்ளை பிறந்து, அங்கே விளைந்ததை அங்கேயே சாப்பிட்டு, பூமியிலிருந்து சரக்கு வராமல் நின்றாலும் பிழைக்கிற ஊர், அது இந்த நூற்றாண்டில் அமையாது.

வெள்ளியை விட்டுவிடலாம், தரையில் 460 டிகிரிக்கு மேல் சூடு. நிலா மூன்று நாள் பயணம், ஆனால் அங்கே காற்றே இல்லை. மிஞ்சுவது செவ்வாய். பூமியும் செவ்வாயும் தோதாக வருவது 26 மாதத்துக்கு ஒரு முறை. போய்ச் சேர ஆறிலிருந்து ஒன்பது மாதம். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சிக்கல் இறங்கிய பிறகுதான் இருக்கிறது.

உன் மாமா வேலை செய்கிற குடிலையே எடுத்துக்கொள்வோம். நானும் ஒரு முறை அப்படிப்பட்ட குடிலுக்குப் போயிருக்கிறேன். முந்தின நாள் காற்றில் பாலித்தீன் ஷீட் ஒரு முழம் கிழிந்திருந்தது. ஒருவர் ஏணியில் நின்று டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். கீழே பெண்கள் தங்கள் பாட்டுக்குப் பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று, அதனால் கிழிந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. செவ்வாயில் காற்றின் அழுத்தம் நம் அழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாம் மூச்சு விடுகிற அளவுக்கு உள்ளே காற்றை அடைத்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையையும் சுமார் 10 டன் பாரம் உள்ளிருந்து வெளியே தள்ளும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 5 டன். பாலித்தீன் என்ன, சாதாரணக் கட்டடமே தாங்காது.

சரி, மண்ணுக்கு அடியில் கட்டலாம். கதிர்வீச்சிலிருந்து தப்பவும் அதுதான் நல்லது. அப்புறம் வெயில் கிடையாது, பயிருக்கு விளக்குப் போட வேண்டும், விளக்குக்கு மின்சாரம் வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நீண்டுகொண்டே போகிறது.

ஆக்சிஜன்? நாசா செவ்வாயில் இறக்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்சி என்ற சின்னக் கருவி இருந்தது. செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து ஆக்சிஜன் எடுத்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். 2021-லிருந்து 2023 வரை 16 முறை ஓடி, மொத்தம் 122 கிராம் எடுத்தது. ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேர மூச்சு. வழி சரி என்று தெரிந்துவிட்டது, இனி அதைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நிற்காமல் ஓட்ட வேண்டும்.

மூடிய இடத்தில் வாழ்ந்து பார்க்கிற சோதனையும் பூமியிலேயே நடந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி மாளிகை, மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். 1991-ல் எட்டு பேர் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார்கள். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14-க்குப் பக்கம் இறங்கியது. வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. காரணம் என்ன தெரியுமா? மண்ணில் மக்கு எரு நிறையப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது, செடிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எருவும் சுவரும் சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருக்கிறது, 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது. தைராய்டுக்கு அயோடின் போகாமல் தடுக்கிற உப்பு. நம் நிலத்தடி நீரில் இருக்கிற ஃப்ளோரைடு மாதிரி. நான் பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். என் பல்லில் இருக்கிற பழுப்புக் கறை அதனால் வந்ததுதான். தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருந்தது, காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல், செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். பக்கத்திலேயே காவிரி ஓடியும் இவ்வளவு பாடு. செவ்வாயில் மண்ணைக் கழுவலாம், பெர்குளோரேட் தண்ணீரில் கரையும். ஆனால் கழுவுகிற தண்ணீரைப் பனிக்கட்டியாகத் தோண்டி, உருக்கி, மறுபடி சுத்தம் செய்து எடுக்க வேண்டும்.

பிள்ளை பிறப்பதைப் பற்றி. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். எடையற்ற நிலையில் ஒரே பயணத்தில் 437 நாள் இருந்தவர் உண்டு. ஆனால் நம்மைவிடக் குறைந்த ஈர்ப்புள்ள தரையில் மனிதன் அதிகமாக இருந்தது 1972-ல், அப்போலோ 17-ல், நிலாவில் மூன்று நாள். அதை வைத்துக்கொண்டு, ஒரு தாயை அங்கே பத்து மாதம் சுமக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பூமி எவ்வளவு கெட்டாலும் கதவைத் திறந்தால் மூச்சு விடுகிற காற்று இருக்கும் தம்பி. மாமாவிடம் இதைச் சொல். அப்படியே ஒரு நாள் அந்தக் குடிலுக்குக் கூட்டிப்போகச் சொல். ஷீட் இரும்புக் குழாயோடு சேருகிற இடத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்து எனக்கு எழுது.