கவுன்டரில் இருப்பவருக்குத்தான் முதல் பயிற்சி: வேலூர் சமுதாயக் கல்லூரி நூலகத்திலிருந்து

வணக்கம் நண்பர்களே. வேலூரிலிருந்து, எங்கள் சமுதாயக் கல்லூரி நூலகத்திலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் நூலகச் செய்திகள் கொஞ்சம், பணியாளர் பயிற்சி பற்றி நிறைய.

செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாலை நேரம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இதுவரை நான்கரைக்குப் பூட்டிக்கொண்டிருந்தோம். இனி வேலை நாட்களில் ஆறரை வரை திறந்திருக்கும். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் போகிறவர்கள் பஸ் நிலையத்தில் வெயிலில் காத்து நிற்பதற்குப் பதிலாக இங்கே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, தாமதக் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. அபராதத்துக்குப் பயந்து புத்தகத்தையும் திருப்பித் தராமல், நூலகத்துக்கும் வராமல் இருந்த மாணவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தச் சில்லறையும் பெரிய காசுதான். புத்தகம் திரும்பி வந்தால் போதும், காசு வேண்டாம் என்று நிர்வாகத்திடம் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரத்தில் தொடங்கிய இந்த வகைக் கல்லூரி, இந்தியாவுக்கு 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் வழியாக வந்தது. அடுத்த ஆண்டே சென்னையிலும் ஒன்று தொடங்கியது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், பிளஸ் டூ முடித்தும் பட்டப் படிப்புக்குப் போக முடியாதவர்கள், குழந்தை பெற்ற பிறகு வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் என்று பலரும் வருவார்கள். நோயாளி பராமரிப்பு, தையல், ஏ.சி. பழுதுபார்ப்பு, கணினி போன்றவற்றில் டிப்ளமா படித்து நேராக வேலைக்குப் போவதற்கான இடம் இது. வேலூரில் மருத்துவமனைகளும், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளும் இருப்பதால் இங்கே இதற்குத் தேவை எப்போதும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாணவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் நூலகமே இதுதான். பள்ளியில் நூலகம் இருந்திருக்கும், அலமாரி பூட்டியிருந்திருக்கும். இங்கே உள்ளே வந்ததும் அவர்கள் நேராகப் பார்ப்பது நூலகரை இல்லை. நான் உள்ளே ஏதாவது ரசீது பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பார்ப்பது கவுன்டரில் இருக்கும் அக்காவை. "இந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அக்கா "இல்லையம்மா" என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாள். மறுபடி கேட்க மாட்டாள், நூலகத்துக்கே வர மாட்டாள். அதனால்தான் சொல்கிறேன்: நூலகத்தில் பயிற்சிக்குப் பணம் இருக்கிறதென்றால் அது முதலில் போய்ச் சேர வேண்டியது நூலகருக்கு இல்லை, கவுன்டரில் இருப்பவருக்கு. நூலகருக்குக் கருத்தரங்கு இருக்கிறது, புத்தாக்கப் பயிற்சி இருக்கிறது, போக வர பயணப்படி கிடைக்கிறது. உதவியாளருக்கு என்ன இருக்கிறது? தூசி தட்டும் துணி இருக்கிறது.

எங்கள் நூலகத்தில் சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு உட்காருகிறோம். உதவியாளர்கள், பகுதி நேரமாக வேலை செய்யும் மாணவர்கள், நான், எல்லோரும். அப்படிச் சாத்தியதற்கு எதிர்ப்பு வந்தது. வேலை நேரத்தில் பூட்டலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை வாரம் முழுவதும் வருகிற மாணவர்கள் அனுபவிக்கிறார்கள் என்பதுதான் என் பதில்.

என்ன கற்கிறோம் என்று காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன். இது மருத்துவப் புத்தக ரேக். முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்: 610.73. பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் செவிலியப் பணிக்கான எண் இது. பக்கத்தில் 610.9, மருத்துவ வரலாறு. இரண்டில் எது முன்னால் வர வேண்டும்? கணக்குப் படித்து நாளாகிவிட்ட யாரைக் கேட்டாலும், 73 பெரிது, 9 சிறிது, அதனால் 9 முன்னால் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது தசமம். புள்ளிக்கு அடுத்த இலக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். 7 முன்னால், 9 பின்னால். இதை யாரும் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. வருடக்கணக்காகச் செவிலியப் புத்தகங்களில் பாதி மருத்துவ வரலாற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தன. மாணவிகள் முன்னால் தேடிவிட்டு இல்லை என்று போனார்கள். நாங்கள் ஒரு ரூபாய் நோட்டையும் சில்லறையையும் மேசையில் வைத்து எழுபத்து மூன்று காசு, தொண்ணூறு காசு என்று எண்ணிப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. இப்போது அந்த ரேக்கை யாராவது கலைத்தால் அக்காதான் முதலில் கண்டுபிடிக்கிறார், மாணவர்களுக்கும் அவரே சொல்லித் தருகிறார்.

அடுத்தது கணினி. எங்கள் புத்தகப் பட்டியல் முழுவதும் கோஹா என்ற நூலக மென்பொருளில் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள். கட்டணம் இல்லை, உலகம் முழுவதும் நூலகங்கள் பயன்படுத்துகின்றன. மென்பொருள் நல்லதுதான், ஆனால் நாம் என்ன தட்டச்சு செய்கிறோமோ அதைத்தான் அது தேடும். தமிழில் இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஔவையார் என்று தேடிப் பாருங்கள். ஔ என்பது யூனிகோடில், அதாவது கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறையில், ஒரே எழுத்து. ஆனால் பலர் ஒ தட்டி, பக்கத்தில் ள தட்டிவிடுகிறார்கள். திரையில் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அது ஒ, ள என்ற இரண்டு தனி எழுத்து. பட்டியலில் ஒருவிதமாகவும் தேடும்போது இன்னொருவிதமாகவும் இருந்தால் "பொருந்தும் முடிவுகள் இல்லை" என்று வந்துவிடும். புத்தகமோ ரேக்கில் இருக்கும்! பழைய எழுத்துருக்களில் அடித்துப் பிறகு யூனிகோடுக்கு மாற்றிய பதிவுகளில் இந்த மாதிரி எழுத்துக் குழப்பங்கள் இன்னும் அதிகம்.

இதைத் திருத்துவதற்கு வெளியிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் உதவியாளர் தம்பி ஒருவர் தமிழ்99 விசைப்பலகை கற்றுக்கொண்டு ஒவ்வொரு பதிவாகத் திறந்து சரிசெய்கிறார். அவர் முறைப்படி நூலக அறிவியல் படித்தவர் இல்லை. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கோஹாவுக்கான பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அதைப் போட்டுப் பார்த்துத்தான் கற்றார். வெளியாள் வந்து சரிசெய்துவிட்டுப் போனால் அடுத்த மாதம் புதுப் புத்தகத்தில் அதே ஒ-ள வரும். தம்பி செய்தால் வராது.

நான் இன்று மிகவும் சொல்ல விரும்புவது அடுத்த பயிற்சியைத்தான். கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வது. வாசகருக்குத் தேவையானதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதை நூலகத் துறையில் குறிப்புதவிப் பணி என்பார்கள், அது கேள்வியில்தான் தொடங்குகிறது. வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவதாக இருக்காது. கூச்சம் ஒரு காரணம். எதைக் கேட்பது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

நோயாளி பராமரிப்பு டிப்ளமா படிக்கும் ஒரு மாணவி வந்தாள். "மருந்துகள் பற்றிய புத்தகம் வேண்டும் அக்கா" என்றாள். முன்பென்றால் தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்போம். அவளும் வாங்கிக்கொண்டு போய், திறக்காமலே திருப்பித் தந்திருப்பாள். அன்றைக்கு அக்கா, "எதற்காகம்மா வேண்டும், தேர்வுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "எந்தப் பகுதி கஷ்டமாக இருக்கிறது?" என்று அடுத்த கேள்வி. நோட்டைத் திறந்து காட்டினாள். 5 மில்லி லிட்டரில் 250 மில்லி கிராம் மருந்து இருக்கிறது, 100 மில்லி கிராம் கொடுக்க எத்தனை மில்லி லிட்டர் எடுக்க வேண்டும்? அவளுக்குத் தடையாக இருந்தது மருந்து இல்லை, விகிதம். அக்கா என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்தப் பெண்ணுக்குக் கணக்குப் புத்தகம்தான் வேண்டும்" என்றார். தமிழ்நாடு அரசின் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விகிதமும் விகித சமமும் தமிழில், படம் போட்டு இருக்கின்றன. அதை எடுத்துக் கொடுத்தோம். ஆறாம் வகுப்புப் புத்தகமா என்று அவள் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காக அக்கா, "நான் போன வாரம் தசமம் கற்றதே இப்படித்தான்" என்றார். இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்து போட்டார்கள். விடை 2 மில்லி லிட்டர்.

அந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எந்தத் தேடுபொறியும் அவளுக்குக் காட்டியிருக்காது. "மருந்து" என்று தேடினால் கணக்கு வராது. அக்காவுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டே கேள்விகள்: எதற்காக வேண்டும், எங்கே தடைப்படுகிறது. இப்போது கவுன்டரில் ஒரு விதி வைத்திருக்கிறோம். ரேக், திரும்பி வந்த புத்தக வண்டி, பட்டியல் மூன்றையும் பார்க்காமல் யாரும் "இல்லை" என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. பார்த்த பிறகும் கிடைக்காவிட்டால் பெயரைக் குறித்துக்கொண்டு, வந்ததும் அழைப்பதாகச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர், 1929-லேயே சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கிவிட்டார். பின்பு அதைப் பல்கலைக்கழகமே ஏற்று நடத்தியது. நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும், 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐ நாம் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு நூலகருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். சால்வை வேண்டாம். அந்தப் பணத்தில் உதவியாளரை நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பில் சேர்த்துவிடுங்கள், தேர்வுக்குப் போகச் சம்பளத்துடன் விடுப்பு கொடுங்கள். நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் இதை ஒரு கோரிக்கையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 13,000 மின்னிதழ்கள், 30 பதிப்பகங்கள். அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான திட்டம் அது. ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பெரிய வரம், அதில் சந்தேகமில்லை. எங்களைப் போன்ற இடத்தில் தேவை வேறு. ஏ.சி. மெக்கானிக் படிக்கிற பையனுக்கு ஆங்கில ஆய்விதழைவிடத் தமிழில் தெளிவான ஒரு கையேடு வேண்டும். அதற்கு இந்திய தேசிய மின்னணு நூலகம் இருக்கிறது. ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்துவது, யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. முதலாவதில் பதிவு செய்வது, இரண்டிலும் தேடுவது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டுவதும் இனி உதவியாளர்களின் வேலைதான். அதற்கான பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு சேவை. சன்னல் ஓரக் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் போட்டிருக்கிறோம். பார்வைத்திறன் குறைந்தவர்களுக்குத் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும், தமிழையும் படிக்கும், இலவசம். அந்த இருக்கைக்கு முன்பதிவு தேவையில்லை. தேவைப்படுகிறவர் வந்தால் மற்றவர்கள் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

பழைய மாணவர்களுக்கு ஒரு தகவலோடு முடிக்கிறேன். டிப்ளமா முடித்த பிறகும் இங்கே வந்து படிக்கலாம், புத்தகமும் எடுக்கலாம். கல்லூரி அடையாள அட்டை தொலைந்துபோயிருந்தால் சான்றிதழ் நகல் ஒன்றும் புகைப்படம் ஒன்றும் கொண்டு வாருங்கள், புது அட்டை போட்டுத் தருகிறோம். கையில் நூலகப் புத்தகம் இருந்தால், எத்தனை வருடமானாலும் பரவாயில்லை, தயங்காமல் எடுத்து வாருங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் வேண்டாம். அது எங்கள் வகுப்பு நேரம்.